சிறு தொழிலுக்குச் செலவில்லாத் துணைகள்

சென்ற ஆண்டு கோடையில் ஒருநாள் மாலை, தாராவியில் முறுக்கும் சீடையும் செய்து கடைகளுக்குப் போடும் ஓர் அம்மையார் கையில் ஒரு காகிதத்துடன் என் இல்லத்துக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர். கணவர் மறைந்த பின்னர் இரு பெண்மக்களையும் அந்த ஓர் அடுப்பைக் கொண்டே படிக்க வைத்தவர். காகிதம் யாதெனில், சிறு தொழில் செய்வோருக்கு மத்திய அரசு வழங்கும் ‘உத்யம்’ பதிவுச் சான்று. கைப்பேசியில் தேடி, முதலில் கண்ணிற்பட்ட தளத்தில் விவரங்களை நிரப்பி, 2,000 ரூபாய்க்கு மேல் கட்டி அதனைப் பெற்றிருக்கிறார்.

“அண்ணாச்சி, எல்லாரும் எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். இதை வைத்து என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார்.

சான்று உண்மையானதே, கட்டிய பணந்தான் வீண். 2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளிலிருந்து நடைபெற்றுவரும் இப்பதிவுக்கு அரசு ஒரு காசும் பெறுவதில்லை. எந்த ஆவணத்தையும் படமெடுத்து ஏற்ற வேண்டுவதில்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தாற் போதும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொல்லையும் கிடையாது. ஆயினும் அரசுத் தளத்தைப் போலவே மூவண்ணம் பூசி நிற்கும் தனியார் தளங்கள் பலவுள. அவை நம்மிடம் விவரம் வாங்கி, அதே அரசுத் தளத்தில் நிரப்பிக் கொடுத்து, அதற்குக் கூலி வாங்குகின்றன. முகவரியின் இறுதியில் ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்று இருக்கிறதா என நோக்குதல் ஒன்றே இவ்விரண்டையும் பிரித்தறியும் எளிய வழி.

நம்மவர்க்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பதிவின்போது ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் வரும். பலருடைய ஆதாரோ ஊரில் இருந்தபோது எடுத்தது. அதில் உள்ள எண் தம்பியுடையதாகவோ, என்றோ கைவிட்ட பழைய எண்ணாகவோ இருக்கும். அதற்காக ஊருக்கு ரயிலேற வேண்டா. நாட்டின் எந்த ஆதார் சேவை மையத்திலும் நேரிற் சென்று, சிறு கட்டணம் செலுத்தி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆதாரில் ஊர் முகவரி இருப்பதும் தடையன்று. தொழில் நடக்கும் இடத்தைப் படிவத்தில் தனியே குறிக்க இடமுண்டு.

நிற்க. அம்மையாரின் வினாவுக்கு வருவோம். சான்றை வைத்து என்ன செய்வது? வங்கிக் கடனுக்கு உதவும் என்பதைப் பலரும் சொல்லுவர். அதனினும் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. தாணாவில் ஒரு கடை அவருக்கு 38,400 ரூபாய் பாக்கி வைத்திருந்தது. ஐந்து திங்களாக, “அடுத்த வாரம் வாருங்கள், அம்மா” என்னும் ஒரே விடை. அழுத்திக் கேட்டால் சரக்கெடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்னும் அச்சத்தில் அவரும் வாய் திறவாதிருந்தார். வட்டிக்குப் பணம் வாங்கியே எண்ணெயும் அரிசியும் வாங்க வேண்டிய நிலை.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இத்தகையோருக்கென்றே சில பிரிவுகளைக் கொண்டுள்ளது. குறுந்தொழில் அல்லது சிறுதொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் தவணை பேசியிருந்தால் அத்தவணைக்குள் பணம் தரவேண்டும்; அத்தவணையும் 45 நாளைத் தாண்டலாகாது. எழுத்தில் ஒன்றும் இல்லையாயின் 15 நாளே கெடு. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாகச் சேரும். இன்னும் தராவிடின் மாநில வசதி மன்றத்தில் முறையிடலாம். மன்றம் 90 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் அவ்வளவு விரைவை எதிர்பார்க்க வேண்டா. ஆனால் மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலிற் கட்டிவிட்டே செல்லவேண்டும். முறையிடுவதற்கு 2017இல் ‘சமாதான்’ என்னும் தளமும், 2025 ஜூனில் இணையவழியிலேயே தகராறு தீர்க்கும் தளமும் வந்துள்ளன. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். இவ்வுரிமை பொருளை உண்டாக்குவோருக்கும் பணி செய்து தருவோருக்குமே உரியது. வாங்கி விற்கும் வாணிபர் 2021 ஜூலை முதல் உத்யமில் சேரலாம் எனினும், அது வங்கியின் முன்னுரிமைக் கடனளவிலேயே பயன்படும். 45 நாள் கெடு அவர்க்குத் துணை வாராது. மேலும், சரக்குப் போட்ட பின்னர்ப் பதிவு செய்தவருக்கு இச்சட்டம் எந்த அளவு உதவும் என்பதில் நீதிமன்றங்களின் கருத்து ஒருபடித்தாக இல்லை. ஆகவே பாக்கி விழுவதற்கு முன்பே பதிந்து கொள்ளுதல் அறிவுடைமை. நல்லவேளையாக நம் அம்மையாரின் சான்று அந்தப் பாக்கிக்கு முந்தியது.

அன்றிரவே ஒரு கடிதம் எழுதினோம். மிரட்டல் ஒரு சொல்லும் இல்லை. பில் எண்கள், நாள்கள், தொகைகள், உத்யம் எண், சட்டத்தின் பெயர், இவ்வளவே. ஒரு வரி மட்டும் கூட்டினோம்: குறு, சிறு தொழிலினருக்குக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் அவ்வாண்டுச் செலவாகக் காட்ட இயலாது என்பது. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்து, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இவ்விதியை, முறையாகக் கணக்கு வைக்கும் கடைகளின் தணிக்கையாளர்கள் நன்கறிவர். கடிதம் முதலாளியை அசைக்கும் முன்னே தணிக்கையாளரை அசைக்கும் என்று எண்ணினேன்.

கடிதம் எழுதுகையில்தான் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. பாதிச் சரக்குக்குப் பில்லே இல்லை. கடைப்பையன் நோட்டில் கிறுக்கியதே சாட்சி. கையெழுத்துள்ள பில்களைக் கொண்டே 38,400 என்று கணக்குக் கூட்ட முடிந்தது. உண்மையில் வரவேண்டியது அதனினும் கூடுதல் என்று அவர் வருந்தினார். இதற்கும் செலவில்லாத வழி உண்டு. கூகுள் தரும் கணக்கு அட்டவணை இலவசம். இளைய மகள் அதில் நாள், கடை, பில் எண், தொகை, கெடு நாள் என ஐந்து பத்திகள் தமிழிலேயே அமைத்தாள். சரக்குப் போட்ட நாளை எழுதினால் கெடு நாளை அதுவே கணக்கிட்டுக் காட்டுகிறது. தாய்க்குத் தட்டச்சு வராது. கைப்பேசியின் ஒலிவாங்கியைத் தொட்டுத் தமிழில் சொன்னால் எழுத்தாகிறது. ‘முறுக்கு’ என்பது சிலவேளை ‘முருக்கு’ ஆகிறது. கணக்குக்கு அதனால் பழுதில்லை. ஜி.எஸ்.டி. பதிவு உடையவராய், ஆண்டு விற்பனை 1½ கோடி ரூபாய்க்கு உட்பட்டவராய் இருப்போர்க்கு ஜி.எஸ்.டி. தளமே பில் போடும் மென்பொருளை விலையின்றித் தருகிறது.

ஜி.எஸ்.டி. என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மகாராஷ்டிரத்தில் பொருள் விற்போர் 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதியவேண்டுவதில்லை என்று கேட்டிருப்பீர்கள். அது மாநிலத்துக்குள் விற்பவர்க்கே. மூத்த மகள் பெங்களூரில் உள்ளவர்களுக்குக் கூரியரில் முறுக்கு அனுப்பி விற்க எண்ணியிருந்தாள். எல்லை தாண்டிப் பொருள் விற்றால், தொகை சிறிதாயினும் பதிவு வேண்டும். அப்பளம் மட்டுமே செய்பவர்க்கு இத்தொல்லை இல்லை. அப்பளத்துக்கு வரியே கிடையாது. முறுக்குக்கு உண்டு, அப்பளத்துக்கு இல்லை என்பது எந்த நியாயமோ, சட்டம் வகுத்தோரையே கேட்கவேண்டும்!

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்வேன். 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலியில் சரக்குப் பட்டியலைப் படத்துடனும் விலையுடனும் வைக்கலாம். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதும் கட்டணமற்றதே. “முதலிடத்தில் காட்டுகிறோம்” என்று தொலைபேசியில் பணம் கேட்பவரை நம்ப வேண்டா. யு.பி.ஐ. வழி வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வாணிபரிடம் கழிவு பிடிப்பதில்லை. ஆனால் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை உண்டா என்று கேட்டே வாங்குக. பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் தட்ட வேண்டியதில்லை. பொட்டலத்துக்குப் பெயர் வைக்குமுன், அப்பெயர் பிறருடையதா என்று வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில் விலையின்றித் தேடலாம். அச்சடித்த இருபதாயிரம் உறைகளை வீணாக்குவதினும் அது மேல்.

தாணாக் கடையிலிருந்து ஒன்பதாம் நாள் 30,000 ரூபாய் வந்தது. மீதிக்குத் தீபாவளி வரை தவணை கேட்டார்கள், அம்மையார் இசைந்தார். வட்டியைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். “நாளைக்கும் அங்கேதானே சரக்குப் போடணும், அண்ணாச்சி” என்பது அவர் விடை. சரக்கெடுப்பதை அக்கடை நிறுத்தவும் இல்லை. இப்போது ஒவ்வொரு பில்லின் தலையிலும் உத்யம் எண் இருக்கிறது.

பதிவு செய்துகொள்ள விழையும் அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்துக்கு வரலாம். ஆதாருடன் இணைந்த கைப்பேசியை மறவாது கொண்டு வருக. வரும் ஓ.டி.பி.யை என்னிடமும் சொல்ல வேண்டா, நீங்களே தட்டுங்கள்.