வில்லை நீக்கிய கமரா

கொழும்பு போன்ற கடலோரப் பட்டினங்களிற் பழைய கமராக்கள் பெரும்பாலும் வில்லை கெட்டே மாள்கின்றன. வெப்பமும் ஈரக்காற்றும் ஒருங்கே நிலவும் இடத்தில், தோலுறைக்குள் இட்டு அலுமாரியிற் பூட்டிவைத்த கருவியின் வில்லைமேற் சிலந்திவலை போன்ற பூஞ்சணம் படர்கின்றது. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டதாயின் எத்துணை துடைப்பினும் பயனில்லை. ஆயினும் அக்கமராவின் பெட்டியும், சட்டரும், படச்சுருளைத் திருப்பும் பொறியும் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். ஓர் உறுப்புக் கெட்டமையால் முழுக் கருவியும் பழைய இரும்போடு நிறுக்கப்படுவது வீண் செலவு. ஏனெனில் வில்லையே இன்றியும் படம்பிடித்தல் கூடும்.

ஊசித்துளைக் கமராவை அறியாத மாணவர் இலர். மெழுகுவர்த்தி, துளையிட்ட அட்டை, திரையிலே தலைகீழான சுவாலை ஆகிய மூன்றையும் வரைந்து, ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்று எழுதிப் புள்ளி பெற்றோர் பலர். அவ்வுருவத்தைக் கண்ணாற் கண்டோர் சிலர். இயற்கை அதனை மறைத்துவைக்கவும் இல்லை. 2019 டிசம்பர் 26ஆம் நாள் கங்கண சூரிய கிரகணத்தின்போது மரநிழலை நோக்கியோர், இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் நிலத்திலே ஒரு பிறைச் சூரியனை வரைந்திருக்கக் கண்டனர். ஏனைய நாட்களில் நிழலிடையே தோன்றும் வட்ட ஒளிப்பொட்டுக்களும் சூரியனின் உருவங்களே. வட்டமாயிருத்தலால் நாம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஹம்பியிலுள்ள விரூபாட்சர் கோயிலில், ஏறக்குறைய 50 மீற்றர் உயரமான கீழைக் கோபுரத்தின் உருவம், ஓர் அறையின் சிறு துவாரத்தினூடாகச் சென்று உட்சுவரிலே தலைகீழாக விழுவதை இன்றும் காணலாம். அவ்வறையே ஒரு கமரா. அதிற் படச்சுருள் ஒன்றுதான் இல்லை.

இனிக் கமராவை மாற்றும் முறையை நோக்குவோம். வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க 35 மில்லிமீற்றர்க் கமராவாயின் வேலை மிக எளிது. கமராவின் வாயை மூடும் பிளாத்திக்கு மூடியின் நடுவே அரை அங்குலத் துளையிட்டு, அதன் உட்புறத்தில் ஊசித்துளையிட்ட தகட்டை ஒட்டினாற் போதும். கருவிக்கு யாதொரு ஊறும் இல்லை. பெட்டிக் கமராக்களில் முன்றகட்டின் திருகாணிகளைக் கழற்றி வில்லையை எடுத்தல் வேண்டும். எடுத்த வில்லையையும் திருகாணிகளையும் ஓர் உறையிலிட்டு வைத்தல் நன்று. மனம் மாறுவோரும் உளர். மின்னொளி விளக்கு உள்ளே அமைந்த கமராவை மாத்திரம் அநுபவமில்லாதோர் திறத்தலாகாது. மின்கலத்தை அகற்றிய பின்னரும் அதன் கொள்ளளவியில் அபாயமான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

படச்சுருளைக் குறித்தும் ஒரு சொல். 1901ஆம் ஆண்டிற் புகுந்த 120 என்னும் சுருள் இன்றும் கிடைக்கின்றது. 620 என்னும் வகை 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் இரண்டின் அகலமும் ஒன்றே; வேறுபாடு சுற்றுருளையில் உள்ளது. எனவே 120 சுருளை இருட்டிலே பழைய 620 உருளைக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம்.

துளையே இக்கருவியின் உயிர். மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் ‘ஷிம்’ என்று விற்கப்படும் மெல்லிய பித்தளைத் தகடு இதற்கு ஏற்றது. புதுக்கடையில் உள்ளோர்க்குப் பஞ்சிகாவத்தை தொலைவன்று. மென்பானத் தகரத்தின் அலுமினியமும் உதவும். தகட்டை அட்டைமேல் வைத்து ஊசிமுனையால் அழுத்திக் குழியாக்கி, மறுபுறத்துப் புடைப்பை மென்மையான எமரித் தாளாற் றேய்த்து, மீண்டும் ஊசியை மெல்லச் செலுத்துதல் வேண்டும். ஒரே குத்தில் ஊடுருவக் குத்தினால் விளிம்பு கிழிந்து படம் மங்கும். பின்னர் உருப்பெருக்கியால் நோக்கித் துளை வட்டமானதா என்று துணிந்து, தகட்டின் உட்புறத்தைக் கறுப்பாக்குக.

துளை சிறிதாகுந்தோறும் படம் தெளிவாகும் என்று எண்ணுவது இயல்பே. அது ஓர் எல்லைவரைதான் உண்மை. துளை மிகச் சிறிதாயின் ஒளியலை அதன் விளிம்பிற் பட்டுப் பரவுகின்றது. இதனைக் கோணல் என்பர். ரேலி பிரபு 1891ஆம் ஆண்டில் இப்பொருளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். இன்று பெருவழக்காயுள்ள விதி வருமாறு: துளைக்கும் படச்சுருளுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒளியின் அலைநீளத்தாற் பெருக்கி, வர்க்கமூலங் கண்டு, அதனை 1.9 ஆற் பெருக்குக. தூரம் 50 மில்லிமீற்றரும் அலைநீளம் 0.00055 மில்லிமீற்றருமாயின் துளையின் விட்டம் 0.31 மில்லிமீற்றர் ஆகும். தூரம் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 160 மடங்கு. வில்லைக் கமராவில் எவ்/16 என்னும் துவாரத்தோடு ஒப்பிட இது பத்திலொரு பங்கு விட்டம். ஆகவே நூறு மடங்கு நேரம் வேண்டும். 100 வேகமுள்ள சுருளுக்கு நல்ல வெயிலில் விநாடியின் நூறிலொரு பங்கு போதுமாயிருந்த இடத்தில் ஒரு விநாடி வேண்டும். நீண்ட நேரத்திற் சுருளின் உணர்ச்சி குன்றுதலால் ஒன்றரை அல்லது இரண்டு விநாடி கொடுப்பதே தக்கது.

இங்குதான் பொருள் சுவை பெறுகின்றது. ஒளி விளிம்பிலே வளைவது குறையாயின், அக்குறையையே கருவியாக்குதல் கூடுமோ? கூடும். அதுவே வலயத் தகடு. பிரெனல் காட்டிய நெறிப்படி, படம் விழும் புள்ளியிலிருந்து நோக்குமிடத்து, துவாரத் தளத்தை ஒரு மையத்தைச் சூழ்ந்த வளையங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் வரும் ஒளி, முந்திய வளையத்து ஒளியிலும் அரை அலைநீளம் கூடுதலாக நடக்கின்றது. ஆதலின் அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டாவது, நான்காவது வளையங்களை மறைத்துவிட்டால் எஞ்சியவை ஒன்றுக்கொன்று துணையாகும். இத்தகட்டைப் பற்றி சொறே என்பவர் 1875இல் எழுதினார். வளையங்களின் பரப்பு ஏறக்குறைய சமம். எனவே மூன்று திறந்த வலயமுள்ள தகடு ஒரு வலயமளவான துளையைப்போல் மும்மடங்கு ஒளியை விடும்.

செய்முறை கடினமன்று. 50 மில்லிமீற்றர்த் தூரத்திற்கு, பெரிய வெண்ணிற அட்டையில் 33.2, 46.9, 57.4, 66.3, 74.2 மில்லிமீற்றர் ஆரைகளில் ஐந்து வட்டங்கள் வரைந்து, நடுவட்டத்தையும் மூன்றாம், ஐந்தாம் வளையங்களையும் கறுப்பாக்குக. 50 மில்லிமீற்றர் வில்லையுள்ள நல்ல கமராவினால் ஏறக்குறைய 10 மீற்றர் தொலைவிலிருந்து அதனைப் படம்பிடித்தால், உருவம் இருநூறிலொரு பங்காகக் குறுகும். நுண்மணியுள்ள சுருளைக் கறுப்பும் வெளுப்பும் நன்கு பிரியுமாறு கழுவியெடுக்க, கறுத்தவை தெளிந்தும் வெளுத்தவை கறுத்தும் நிற்கும். அந்த எதிர்ப்படத் துண்டே வலயத் தகடு.

ஊசித்துளைப் படத்தில் அண்மையும் சேய்மையும் ஒரே தெளிவுடையன. வலயத் தகட்டின் படமோ ஒளியுள்ள இடந்தோறும் ஒரு பரிவேடஞ் சூழ்ந்தது. குவியாத ஒளியும் உடன்வந்து விழுதலே காரணம். மேலும் அதன் குவியத் தூரம் நிறத்தோடு மாறுவது. மேற்கூறிய தகடு சிவப்பு ஒளியை 42 மில்லிமீற்றரிலும் நீல ஒளியை 61 மில்லிமீற்றரிலும் குவிக்கும். கண்ணாடி வில்லையின் இயல்புக்கு இது நேர்மாறு. மங்கலே அழகென்பார் இதனை விரும்புவர். கற்சிற்பத்தின் உளிநுட்பத்தைப் பதிய விரும்புவோர் ஊசித்துளையோடு நிற்பதே மேல்.

படச்சுருளின் விலைக்கு அஞ்சுவோர் புகைப்படத் தாளைத் துண்டாக்கி உள்ளே வைக்கலாம். அதன் வேகம் 5 அளவினதாதலால், 100 மில்லிமீற்றர் ஆழமான பெட்டிக் கமராவில் 0.45 மில்லிமீற்றர்த் துளையிட்டு, வெயிலில் ஏறக்குறைய 40 விநாடி திறந்துவைத்தல் வேண்டும். உரிய அனுமதி பெற்று, வழக்கு நாளொன்றின் காலையிற் புதுக்கடை நீதிமன்ற வாயிலை நோக்கி இக்கமராவை முக்காலியில் நிறுத்துவோமாயின், கறுப்பு அங்கியோடு விரைவோரும் வாகனங்களும் தாளில் யாதொரு சுவடும் வையார். தூண்களும் படிகளும் பதியும். அவற்றோடு, தம் பெயர் அழைக்கப்படுமளவும் அசையாது காத்துநிற்போரும் பதிவர்.