கட்டிக்குப் போகும் ரத்தம்

கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி சாலையோரத்து ஸ்கேன் சென்டருக்கு ஒருவர் ‘சிஇசிடி அப்டமன்’ என்று எழுதிய சீட்டோடு போனால், முதலில் வரும் கேள்வி சிறுநீரகம் பற்றியது: “கிரியாட்டினின் பார்த்தாச்சா?” அடுத்தது, “சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?” பிறகு கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாயை ஏற்றிவிடுவார்கள். மருந்து ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேன் என்பதைத் தாண்டி, அந்த ஊசி எதற்கு என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை.

ஊசியில் இருப்பது அயோடின் கலந்த, நிறமற்ற திரவம். அயோடினின் அணு எண் 53. தசையிலும் ரத்தத்திலும் நிறைந்திருக்கும் கார்பன், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்களைவிட அது எக்ஸ் கதிரை மிக அதிகமாகத் தடுக்கும். ஆகவே ரத்தம் போய்ச் சேரும் இடமெல்லாம் படத்தில் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதற்கு எண்ணும் உண்டு: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. சிடி ஸ்கேனை உருவாக்கிய இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவு இது.

அவருடைய கருவியில் முதல் நோயாளிக்கு லண்டனில் படம் எடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1. அதே ஆண்டு, இதற்குத் துளியும் தொடர்பில்லாமல், அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் ஒரு கருத்தை வெளியிட்டார்: புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் எந்தப் புற்றுக்கட்டியும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. பல காலம் அதை நம்பியவர்கள் குறைவு. இன்று கட்டியின் ரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் மருந்துகளே இருக்கின்றன. பெவாசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கட்டிக்குப் போகும் ரத்தத்தைக் காட்டும் இந்த ஸ்கேனின் சூட்சுமம் கல்லீரலில் நன்றாக விளங்கும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கால் பங்குதான் தமனி வழி. கல்லீரல் செல் புற்றுநோயோ பெரும்பாலும் தமனி ரத்தத்தை உறிஞ்சியே வளரும். அதனால் ஊசி போட்ட 35 விநாடி வாக்கில் எடுத்த படத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். 70 விநாடி வாக்கில் கல்லீரல் முழுதும் வெளுக்க, கட்டி மங்கும். சில நிமிடம் கழித்துப் பார்த்தால் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துக் கிடக்கும். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்கு இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்துவிட்டால், பல வேளைகளில் சதை எடுத்துப் பரிசோதிக்காமலேயே நோயை உறுதிசெய்கிறார்கள். விநாடிக் கணக்கு தப்பினால் கட்டியே கண்ணில் படாமல் போகலாம். “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்ற குரலுக்கு அவ்வளவு மதிப்பு.

இதற்கும் ஒரு படி மேலே இருப்பது பெர்ஃப்யூஷன் சிடி. நந்திவரம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது ஒன்று. எவ்வளவு வேகத்தில் வந்து எவ்வளவு வேகத்தில் வடிகிறது என்று கணக்கெடுப்பது வேறு. ஒரே இடத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படமெடுத்து, வெளுப்பு ஏறி இறங்குவதைக் கோடாக வரைகிறார்கள். கட்டியில் உள்ள ரத்தத்தின் அளவை, அது கடந்துபோக எடுத்துக்கொள்ளும் நேரத்தால் வகுத்தால் ரத்த ஓட்டம் கிடைத்துவிடும். குழாய்ச் சுவர் எவ்வளவு கசிகிறது என்பதும் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் நோயாளிக்கு என்ன செய்யும்? இமாட்டினிப் மாத்திரையைப் பார்க்கலாம். குடல், இரைப்பைச் சுவரில் வரும் ‘ஜிஸ்ட்’ என்ற கட்டிக்கு அது தரப்படுகிறது. மருந்து வேலை செய்தும் கட்டி மாதக்கணக்கில் சுருங்காமல் இருப்பதுண்டு. சில வேளை வீங்கவும் செய்யும். 30 சதவீதம் சுருங்கினால்தான் பலன் என்ற வழக்கமான அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டால் நல்ல மருந்தை நிறுத்திவிட நேரும். ஹூஸ்டனில் டாக்டர் சோய் குழுவினர் 2007இல் வேறு கணக்கு சொன்னார்கள்: அளவு 10 சதவீதம் குறைந்தாலோ, ஊசிக்குப் பின் தெரியும் வெளுப்பு 15 சதவீதம் குறைந்தாலோ பலன் இருப்பதாகக் கொள்ளலாம். ரிப்போர்ட்டில் ‘அளவில் மாற்றமில்லை’ என்ற வரியை மட்டும் படித்துவிட்டு வீடே இடிந்துபோவது பாதிக் கதையைக் கேட்டு அழுவதுதான்.

எல்லோருக்கும் பெர்ஃப்யூஷன் தேவையில்லை. திரும்பத் திரும்ப எடுப்பதால் கதிர்வீச்சு கூடும். மென்பொருளுக்கு மென்பொருள் எண்ணும் மாறும். பெரும்பாலோருக்கு, நேரம் பிசகாமல் எடுத்த சாதாரண சிஇசிடியே போதுமான செய்தியைத் தந்துவிடும்.

மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டதுபோலத் தோன்றும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, முன்பு இதே ஊசிக்கு வந்த ஒவ்வாமை, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பொத்தேரி மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ போனாலும், பழைய ரிப்போர்ட்டோடு பழைய படங்களையும் எடுத்துப் போவது நல்லது. அன்றைய வெளுப்பையும் இன்றைய வெளுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ரேடியாலஜிஸ்டுக்கு அந்தப் படங்கள் வேண்டும்.