அவதானம்! பூட்டனின் பெயரை நம்பி அமெரிக்காவுக்கு ஓடாதீர்கள்

கோப்பாய்க் குடும்பங்களே, வெளிநாட்டிலிருந்து வம்சம் தேடும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள்! பழைய உறுதியில் பூட்டனின் பெயருக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைக் கண்டதும் அதை வம்சாவளித் தளங்களில் தட்டிவிடாதீர்கள். 1600களில் அமெரிக்காவில் குடியேறிய யாரோ ஒருவரை உங்கள் மூதாதை என்று அவை காட்டிவிடும். நம்பினால் சொந்த வம்சம் தொலைந்தது.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், விடுதியில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர்கள் சொன்ன பெயர்களை வைத்தார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை எல்லாரும் இந்த மண்ணில் பிறந்த தமிழர்களே. பருத்தித்துறை வீதியில் நீர்வேலி தாண்டினால் சிறுப்பிட்டி. அங்கே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் பெயர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி. அந்தப் பெயரைப் பிடித்துப் போனால் அமெரிக்கக் கிங்ஸ்பரிகளின் வாசலில் நிற்பீர்கள். தாமோதரம்பிள்ளையின் தகப்பன் வைரவநாதர் காணாமல் போய்விடுவார்.

மிஷனரிமாரின் உண்மையான இரத்த வழி வேறு. மிரன் வின்சுலோவுக்கு யாழ்ப்பாணத்தில் பிறந்த மகள் அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்டார். அந்த மகளின் பேரன்தான் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரின் வெளியுறவுச் செயலர் ஜான் பாஸ்டர் டல்லஸ்.

இன்னொரு பொறி: கோப்பாய் அமெரிக்க மிஷனின் ஊரே அல்ல. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் அவர்களுடையவை. கோப்பாய், நல்லூர், சுண்டிக்குளி ஆங்கிலிக்கன் சி.எம்.எஸ். மிஷனுடையவை. வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவரென்றால் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் அமெரிக்க மிஷன் ஆவணங்களைத் தேடலாம். கோப்பாய்ச் சபையில் சேர்ந்தவரென்றால் சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அதற்கெல்லாம் முன்பு, வீட்டுப் பெட்டகத்தைத் திறவுங்கள். கறையான் அரித்த சீதன உறுதி ஒன்றை விரித்தால் காணியின் பெயர், எத்தனை பரப்பு, நாலு எல்லைக்கும் உரியவர்கள், கொடுத்த தாய் தகப்பன் எல்லாம் எழுதியிருக்கும். அந்த எல்லைக்காரரில் பாதிப் பேர் உங்கள் இனசனமாகவே இருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரையும் ஊரையும் பாருங்கள். உறுதியும் பதிவும் ஒத்துவராமல் ஒரு பெயரையும் ஏற்றாதீர்கள்.

ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? இன்றைக்கே நீக்குங்கள்! ஒருவர் போட்ட பிழையைப் பத்துப் பேர் பிரதி எடுப்பார்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் அதையே ஆதாரம் என்று காட்டுவார்கள்.