கடன் தீர்ந்தது, கறை தீரவில்லை!

"கடனைத்தான் கட்டி விட்டேனே, சார்! ரசீதுகூட இருக்கிறது. பிறகு ஏன் எனக்குக் கடன் இல்லை என்கிறீர்கள்?"

பாங்கி மானேஜரிடம் இப்படிக் கேட்டு, மனம் நொந்து திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல. மானேஜர் கையை விரிப்பதிலும் காரணம் இருக்கிறது. இருவருக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு சொல்!

அது என்ன சொல்?

ஒருவருடைய கடன் வட்டியோடு சேர்ந்து ரூ.2 லட்சம் ஆகி விட்டது என்று வைத்துக் கொள்வோம். வேலை போயிற்று, தவணை நின்றது. கடைசியில் பாங்கி இறங்கி வருகிறது. "ரூ.1¼ லட்சம் கட்டுங்கள், போதும்" என்கிறது. மனைவியின் நகையை விற்றுக் கட்டுகிறார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஆனால், மீதி ரூ.75 ஆயிரம் பாங்கிக்கு நஷ்டம் அல்லவா? ஆகவே கணக்கில் ‘குளோஸ்டு’ என்று எழுதுவதில்லை. ‘செட்டில்டு’ என்று எழுதுகிறது. முன்னது, முழுக்கடனும் அடைந்தது என்று பொருள். பின்னது, குறைத்துக் கொண்டு பைசல் செய்தது என்று பொருள்.

யார் எழுதி வைக்கிறார்கள்?

இந்தத் தகவல் கடன் தகவல் கம்பெனிகளுக்குப் போகிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹை மார்க் என 4 கம்பெனிகள் இந்தியாவில் உள்ளன. 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, இவை தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிபில் போடும் மார்க்கு 300 முதல் 900 வரை. ‘செட்டில்டு’ என்ற சொல் விழுந்தால் மார்க்கும் விழும்.

ரிசர்வ் பாங்கி 2023 ஜூனில் ஒரு விதி வகுத்தது. சமரசம் செய்து கொண்டவருக்குப் புதுக்கடன் கொடுக்குமுன் இடைவெளி வேண்டும். விவசாயக் கடன் நீங்கலாக, அது 12 மாதத்துக்குக் குறையக் கூடாது.

வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் உங்கள் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு தடவை இலவசமாகக் கொடுக்கும். தவறு இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், நாள் ஒன்றுக்கு ரூ.100 நஷ்டஈடு கேட்கலாம்.

கையில் பணம் சேர்ந்தால், விட்டுப்போன மீதியையும் கட்டி, ‘பாக்கி இல்லை’ என்று கடிதம் வாங்குங்கள். ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

பாங்கியில் சிறு தொகையை டெபாசிட் செய்து, அதன் பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். மாதந்தோறும் முழுத் தொகையையும் கெடு தவறாமல் கட்டுங்கள். மார்க்கு மெல்ல ஏறும். பாங்கி பாங்கியாக மனுப் போடாதீர்கள். ஒவ்வொரு மனுவும் பதிவாகும்.

"பணம் கொடுங்கள், பெயரைச் சுத்தம் செய்கிறோம்" என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள். உண்மையான பதிவைக் காசு கொடுத்து அழிக்க முடியாது.

கட்டவே வழியில்லாதவருக்குச் சமரசம் தவறல்ல. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கணக்கில் என்ன சொல் எழுதுவீர்கள், சார்?"