பெயரில்லாத பொத்தான்

உங்கள் கைபேசியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குள் டாக்பேக் என்றொரு வசதி இருக்கும். ஐபோனில் அதற்குப் பெயர் வாய்ஸ்ஓவர். இயக்குவதற்கு முன்பே எப்படி அணைப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள். இயக்கிய நொடியிலிருந்து உங்கள் விரலின் பழைய பழக்கங்கள் எதுவும் செல்லாது. ஒருமுறை தொட்டால் எதுவும் திறக்காது. தொட்ட இடத்தில் இருப்பதைக் கைபேசி வாசித்துச் சொல்லும். திறப்பதற்கு இருமுறை தட்ட வேண்டும். விரலை வலப்பக்கம் தேய்த்தால் அடுத்தது, இடப்பக்கம் தேய்த்தால் முந்தையது. அவ்வளவுதான் பாடம். இனி கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியில் ஏதாவது ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். பேருந்தில் இருக்கை பிடிக்கலாம், மின்கட்டணம் கட்டலாம், மருந்து வாங்கலாம்.

சில செயலிகளில் ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். “தேடு, பொத்தான்”, “பயணத் தேதி, எழுதும் பெட்டி” என்று ஒவ்வொன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். வேறு சில செயலிகளில் காதில் விழுவது இப்படி இருக்கும்: “பெயரிடப்படாத பொத்தான். பெயரிடப்படாத பொத்தான். படம். பெயரிடப்படாத பொத்தான்.” அந்த மூன்றில் ஒன்று ‘பணம் செலுத்து’. இன்னொன்று ‘ரத்து செய்’. எது எது என்று தெரியாது.

அடுக்களை அலமாரியில் ஒரே அளவில் பத்து எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தால், திறந்து பார்த்து எது உளுந்து, எது துவரை என்று கண்டுபிடித்துவிடலாம். செயலியில் அப்படித் திறந்து பார்க்க முடியாது. திறந்து பார்த்த கணத்தில் கணக்கிலிருந்து பணம் போயிருக்கலாம்.

இது ஏன் நடக்கிறது? டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை என்பதுதான் முதலில் புரிய வேண்டிய விஷயம். திரையில் உள்ள ஒவ்வொன்றைப் பற்றியும் இயங்குதளம் மறைவாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இது பொத்தான், இது எழுதும் பெட்டி, இது இப்போது தேர்வாகியிருக்கிறது, இதன் பெயர் இது. திரைவாசிப்பான் வாசிப்பது அந்தப் பட்டியலைத்தான். ஒரு வீட்டுப் படத்தை வரைந்து ‘முகப்பு’ என்று நமக்கு உணர்த்திவிடலாம். பட்டியலில் அதற்கான பெயரை நிரல் எழுதியவர் எழுதாவிட்டால் வாசிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நிரலில் அந்தப் பெயரை எழுத ஒரு வரி போதும். 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், பெயரில்லாத உருப்படிகளைப் படத்தைக் கொண்டு ஊகித்துச் சொல்லும் வசதி ஐபோனில் இருக்கிறது. பெரிய உதவிதான். ஆனால் ஊகத்தை நம்பி யாரும் பணம் அனுப்ப முடியாது.

பெயரில்லாத பொத்தான் மிகச் சிறிய தடை. அதைவிடப் பிடிவாதமான தடைகள் உண்டு. படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா, ஒலி வடிவம் இல்லாமல் வரும். ஓடிபி-யைத் தேடி எடுத்து வந்து பதிவதற்குள் நேரம் முடிந்துவிடும். விளம்பரம் ஒன்று திரையை மூடிக்கொள்ளும். அதை மூடும் பெருக்கல் குறியைத் திரைவாசிப்பான் கண்டுபிடிக்காது. கடவுச்சொல்லுக்கென்று செயலியே ஒரு எண்பலகையை வரைந்து வைத்திருக்கும். அந்தப் பத்து எண்களில் ஒன்றுகூட வாசிக்கப்படாது.

வங்கிச் செயலிகள் சிலவற்றில் நிலைமை இன்னும் மோசம். திரைவாசிப்பான் இயங்கிக்கொண்டிருந்தால் அவை திறக்கவே மறுக்கின்றன. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திரையில் உள்ளதை வாசிக்கவும், பயனருக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் திரைவாசிப்பானுக்குத் தனி அனுமதி தேவை. அதே அனுமதியைத் தந்திரமாகப் பெற்றுத்தான் மோசடிச் செயலிகள் பலரின் கணக்கைச் சுரண்டுகின்றன. எனவே அந்த அனுமதி பெற்ற எதைக் கண்டாலும் வங்கிச் செயலி கதவைச் சாத்திக்கொள்கிறது. அறியப்பட்ட திரைவாசிப்பான்களை அடையாளம் கண்டு அவற்றுக்கு மட்டும் வழிவிடுவது செய்யக்கூடிய வேலைதான். திருடனுக்குப் பயந்து வாடிக்கையாளரை வெளியே நிறுத்துவதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழுக்கே உரிய ஒரு தடையையும் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகள், நிறுத்தற்குறிகள். பாமினியில் அடித்த ‘அம்மா’ திரைவாசிப்பானுக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. ஒருங்குறியில் அடித்திருந்தால் அதே சொல் அம்மா என்றே ஒலிக்கும். ஸ்கேன் செய்து படமாக அனுப்பும் சுற்றறிக்கைகளில் அந்த ஐந்து எழுத்துகள்கூடக் கேட்காது.

தனி ஒருவர் இதையெல்லாம் எதிர்த்து என்ன செய்ய முடியும்? வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசினால் “செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்” என்பார்கள். மறுமுனையில் இருப்பவருக்குத் திரைவாசிப்பான் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. ஒருவர் சொன்னால் ஒருவருடைய கைபேசிக் கோளாறு. நூறு பேர் ஒரே திரையில் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டார்கள் என்று எழுதிக் காட்டினால்தான் அது செயலியின் கோளாறு ஆகிறது. அந்த நூறு பேரைச் சேர்ப்பதும், வழக்காடும் செலவைத் தாங்குவதும், மூன்று ஆண்டுகளுக்கு முன் நிறுவனம் என்ன வாக்குக் கொடுத்தது என்று நினைவில் வைத்திருப்பதும் பார்வையற்றோர் அமைப்புகளின் வேலை.

அமெரிக்காவின் ‘நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் தி பிளைண்ட்’ அமைப்பு இதில் நல்ல உதாரணம். 1940-இல் தொடங்கிய, பார்வையற்றவர்களே நடத்தும் அமைப்பு. கைபேசிச் செயலிகள் பரவுவதற்கு முன்பே இணையதளங்களோடு அதன் போராட்டம் தொடங்கிவிட்டது. 2006-இல் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தின் இணையதளம் தங்களுக்குப் பயன்படவில்லை என்று வழக்குத் தொடுத்தது. 2008-இல் 60 லட்சம் டாலர் இழப்பீட்டோடு வழக்கு சமரசமாயிற்று. அதே 2008-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரும் இந்த அமைப்பும் சேர்ந்து ஆப்பிளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஐடியூன்ஸைத் திரைவாசிப்பானோடு பயன்படுத்தும்படி மாற்ற ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டு நடந்தது பெரிய திருப்பம். 2007-இல் வந்த முதல் ஐபோன் பார்வையற்றவர்களுக்கு வெறும் கண்ணாடித் தகடு. விசைகளைத் தடவி அடையாளம் காணும் காலம் முடிந்துபோனதே என்ற பயம் அப்போது நியாயமானது. அந்தக் கண்ணாடியையே பேச வைத்தது 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்-இல் வந்த வாய்ஸ்ஓவர். அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. அதற்கு அடித்தளமிட்ட கூகுள் பொறியாளர்களில் முக்கியமானவர் டி.வி. ராமன். புணேயில் பிறந்து, 14 வயதில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். இன்று திரைவாசிப்பானுக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கைபேசியிலேயே இருக்கிறது என்பதை இளைய தலைமுறை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. முன்பு நோக்கியா கைபேசிகளுக்குத் தனி மென்பொருள் வாங்கிப் போட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கைபேசி பேசத் தொடங்கியபின் சிக்கல் இடம் மாறியது. ஆப்பிள் செய்த கைபேசி பேசுகிறது. அதில் ஓடும் செயலிகளைச் செய்பவர்களோ வேறு ஆட்கள். 2014 ஜூனில் ஆப் ஸ்டோரில் ஏறத்தாழ 12 லட்சம் செயலிகள் இருந்தன. அந்த ஜூலையில் ஒர்லாண்டோவில் கூடிய அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்பின் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. எல்லாச் செயலிகளும் பார்வையற்றவர்களுக்குப் பயன்பட வேண்டும், புதுப்பிக்கும்போதும் அப்படியே தொடர வேண்டும், அதற்கான விதிகளை ஆப்பிள் வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

பார்வையற்றவர்களுக்குள்ளேயே இந்தத் தீர்மானம் வாக்குவாதத்தைக் கிளப்பியது. மற்ற எந்த நிறுவனத்தையும்விட அதிகம் செய்த ஆப்பிளையே குற்றம் சொல்வதா என்று சிலர் கேட்டார்கள். தனியாளாக வீட்டிலிருந்து செயலி எழுதுபவர் இந்த விதிக்குப் பயந்து ஒதுங்கிவிட மாட்டாரா? ஓவியம் வரைவதற்கான செயலியை எந்த அளவுகோலால் அளப்பது? கேள்விகள் நியாயமானவைதான். மறுபக்கத்துக்கும் வலுவான வாதம் உண்டு. ஆபாசம் இருக்கிறதா, பாதுகாப்புக் குறை இருக்கிறதா என்றெல்லாம் ஒவ்வொரு செயலியையும் சோதித்துத்தான் ஆப்பிள் கடைக்குள் விடுகிறது. பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று சோதிப்பது மட்டும் ஏன் முடியாத காரியம்? எனக்கு இந்த இரண்டாவது வாதம்தான் சரியாகப் படுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி வேண்டாம். பணம், மருத்துவம், வேலை, பயணம் இவற்றைத் தொடும் செயலிகளுக்காவது வாசலில் சோதனை இருந்தே ஆக வேண்டும்.

ஆப்பிள் அந்த வாசல் சோதனையைக் கொண்டுவரவில்லை. 2025 மே மாதத்தில் வேறொன்றை அறிவித்தது. உணவுப் பொட்டலத்தின் மேல் ஊட்டச்சத்து விவரம் அச்சிட்டிருப்பதுபோல, ஒரு செயலி வாய்ஸ்ஓவருக்கு ஏற்றதா, பெரிய எழுத்துக்கு ஏற்றதா என்ற விவரத்தை ஆப் ஸ்டோர் பக்கத்திலேயே காட்டும் ஏற்பாடு. பதிவிறக்கி, காசு கட்டி, அதன்பின் ஏமாறும் நிலை இதனால் குறையும். விவரத்தைக் கொடுப்பவர் செயலி செய்தவர்தான் என்பதால் அமைப்புகளின் சரிபார்க்கும் வேலை குறையவில்லை.

அமெரிக்காவில் நீதிமன்ற வழியும் தொடர்ந்தது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உதவும் எச்&ஆர் பிளாக் நிறுவனத்தின் மீது அதே பார்வையற்றோர் அமைப்பு தொடுத்த வழக்கில் அந்நாட்டு நீதித்துறையும் சேர்ந்துகொண்டது. 2014-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் இணையதளத்தோடு கைபேசிச் செயலிகளையும் சரிசெய்ய வேண்டும் என்று எழுதப்பட்டது. டோமினோஸ் பீட்சா நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும் பீட்சா வாங்க முடியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் 2016-இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இருந்தது. அதை எதிர்த்து நிறுவனம் செய்த மேல்முறையீட்டை விசாரிக்க 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

இந்தியாவுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. சொல்லப்பட்டது ஒன்று, நடந்தது ஒன்று. 2021-இல் கொரோனா தடுப்பூசிக்கு முன்பதிவு செய்ய கோவின் தளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதில் ஒலி வடிவக் கேப்ட்சா இல்லை, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும்படி தளம் அமையவில்லை என்று உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு மே 31-ஆம் தேதி ஆணையில் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அடிப்படையையே தொட்டது. சட்டம் கட்டாயம் என்கிறது. அதன் கீழ் வகுத்த 15-ஆம் விதியோ வெறும் பரிந்துரைகளைக் கொடுக்கிறது. பின்பற்றினால் நல்லது என்ற தொனி. அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்தது 2025 ஏப்ரல் 30. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் வாங்க நாம் செய்யும் கேஒய்சி சரிபார்ப்பு பற்றிய இரண்டு வழக்குகள். அமில வீச்சில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூன் தொடுத்தது ஒன்று. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்தது இன்னொன்று. உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கக் கண்ணைச் சிமிட்டு என்கிறது செயலி. முகத்தை வட்டத்துக்குள் வை, அட்டையின் முன்பக்கத்தைக் காட்டு என்கிறது. வட்டம் எங்கே, முன்பக்கம் எது? உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது அந்த அமர்வு.

கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்பதைத்தான் செய்திகள் பெரிதாகப் போட்டன. அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொரு உத்தரவு. செயலியையோ தளத்தையோ வடிவமைக்கும்போது, புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கும்போதும்கூட, வெளியிடுவதற்கு முன் நடக்கும் பயனர் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. ஒர்லாண்டோ தீர்மானத்தில் இருந்த ‘புதுப்பிக்கும்போதும்’ என்ற கவலைதான் இங்கே உத்தரவாகியிருக்கிறது. பார்வையற்ற பயனர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். ஒரு செயலியின் திரைகளை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து, எத்தனை முறை விரலைத் தேய்த்தால் ‘அனுப்பு’ வரும் என்று பழகியிருப்பார்கள். ஒருநாள் இரவோடு இரவாகச் செயலி புதுப்பிக்கப்படும். காலையில் அத்தனை பொத்தான்களும் பெயரிழந்து நிற்கும். அழகாக மாற்றிவிட்டோம் என்ற அறிவிப்பு மட்டும் தெளிவாக வாசிக்கப்படும்.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இப்படிச் சிக்கிக்கொண்டால் புகாரை எப்படி எழுதுவது? “செயலி வேலை செய்யவில்லை” என்றால் குப்பைக்குப் போகும். கைபேசியின் மாதிரி, இயங்குதளத்தின் பதிப்பு, செயலியின் பதிப்பு, எந்தத் திரைவாசிப்பான் என்ற நான்கையும் எழுதுங்கள். எந்தத் திரையில், எத்தனையாவது படியில் நின்றுபோனது, அங்கே திரைவாசிப்பான் என்ன சொன்னது என்று அதே சொற்களில் எழுதுங்கள். குரல் கேட்கும்படி திரையைப் பதிவுசெய்து இணைத்தால் இன்னும் நல்லது. வங்கிச் செயலிகள் பதிவைத் தடுத்தால் இன்னொரு கைபேசியால் படமெடுக்கலாம், கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் மட்டும் அதில் வந்துவிடக் கூடாது. பதில் வராவிட்டால் உங்கள் பகுதியிலுள்ள பார்வையற்றோர் அமைப்பிடம் பிரதியைக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ தில்லியிலுள்ள தலைமை ஆணையரிடமோ புகார் செய்யச் சட்டம் இடம் தருகிறது.

சரிசெய்துவிட்டார்கள் என்றால் அதையும் பதிப்பு எண்ணோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை அந்தத் திரையை மாற்றப்போகும் பொறியாளர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். கோப்பில் அந்தக் கடிதம் இருக்கட்டும்.