ஆவடி டாங்கிக்கு எந்த மூச்சுக்குழாய்?

ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். 1965-ம் ஆண்டில் முதல் "விஜயந்தா" டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. "அஜேயா" என்று பெயர் பெற்ற டி-72, "பீஷ்மா" என்று பெயர் பெற்ற டி-90, "அர்ஜுன்" ஆகியவை பிறகு அங்கே உருவாயின. டாங்கிகளுக்கு வேண்டிய என்ஜின்களைச் செய்ய 1987-ல் ஆவடியிலேயே தனித் தொழிற்சாலையும் ஏற்பட்டது.

2025-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரஷ்ய நிறுவனம் ஒன்றுடன் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் மதிப்பு 24 கோடியே 80 லட்சம் டாலர். டி-72 டாங்கியில் இருப்பது 780 குதிரைசக்தி என்ஜின். அதற்குப் பதிலாக 1,000 குதிரைசக்தி என்ஜினைப் பொருத்துவதற்காக ஏற்பட்டது இந்த ஒப்பந்தம். என்ஜினைச் செய்யும் முறையையும் ஆவடிக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

அளவு ஒன்றே, சக்தி வேறு

இதில் ஓர் அதிசயம் உண்டு. டி-72 டாங்கியின் 780 குதிரைசக்தி என்ஜினுக்கு 12 சிலிண்டர்கள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 39 லிட்டர். டி-90 டாங்கியின் 1,000 குதிரைசக்தி என்ஜினுக்கும் அதே 12 சிலிண்டர். அதே 39 லிட்டர். இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடிய ரஷ்யாவின் டி-34 டாங்கியின் என்ஜினும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் அது தந்த சக்தி 500 குதிரைதான்!

பெட்டி பெருக்கவில்லை. சக்தி மட்டும் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. எப்படி?

முக்கிய காரணம் காற்று.

அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது. ஊதவும் வேண்டும் அல்லவா? என்ஜினும் அப்படித்தான். 1 லிட்டர் டீசல் முழுவதும் எரிய வேண்டுமானால் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது. கரும்புகைதான் வரும்.

ஊதுகிற சக்கரம்

டி-34 என்ஜின் தானாகவே காற்றை உறிஞ்சியது. டி-72 என்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு விசிறி உண்டு. அந்த விசிறியைச் சுற்றுவதற்கு என்ஜின் தன் சக்தியிலேயே ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டும்.

டி-90 என்ஜினில் இருப்பது "டர்போ". வெளியேறும் சூடான புகையே அதன் சக்கரத்தைச் சுற்றுகிறது. வீணாகப் போகும் புகைக்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று! அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுகிறது. காற்று அதிகமானால் டீசலையும் அதிகமாக எரிக்கலாம்.

ஆனால் டர்போ காற்றைத் தள்ளினால் மட்டும் போதுமா? அந்தக் காற்றை 12 சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டுமே! அந்த வேலையைச் செய்யும் குழாய்க்கு "இன்டேக் மேனிபோல்டு" என்று பெயர். என்ஜினின் மூச்சுக்குழாய் என்று சொல்லலாம்.

கடைமடைக்கும் பாய வேண்டும்

பூந்தமல்லி பக்கத்தில் ஏரிப்பாசனம் பார்த்த விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கலாம். வாய்க்கால் சரியில்லை என்றால் தலைமடை வயலில் வெள்ளம் நிற்கும். கடைமடைப் பயிர் காயும்.

மூச்சுக்குழாயும் அத்தகைய வாய்க்கால்தான். முதல் சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்று கடைசி சிலிண்டருக்கும் கிடைக்க வேண்டும். டீசல் எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவில்தான் போகிறது. காற்று குறைந்த சிலிண்டர் புகை கக்கும். அளவுக்கு மீறிச் சூடாகும். நாளடைவில் பிஸ்டனே கெட்டுவிடும். மீதி 11 சிலிண்டரும் நன்றாக இருந்து என்ன பயன்? என்ஜினையே கழற்ற வேண்டியதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரிய குழாயாகப் போட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தய மைதானம் இருக்கிறது. பந்தய என்ஜின் மிக வேகமாகச் சுற்றும். அதற்குக் குட்டையான, அகலமான குழாய் ஏற்றது. டி-72, டி-90 என்ஜின்களோ நிமிடத்துக்கு 2,000 சுற்றில் முழுச் சக்தியைத் தருபவை. மெதுவாகச் சுற்றும்போதும் நல்ல இழுவை வேண்டும். பந்தயக் காருக்குப் பொருந்தும் குழாய் இதற்குப் பொருந்தாது.

குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் இன்னொரு தொல்லை. டர்போ முதலில் அந்த இடத்தையெல்லாம் காற்றால் நிரப்ப வேண்டும். ஓட்டுகிறவர் மிதித்த பிறகு சக்தி வரத் தாமதமாகும்.

உறுதியும் முக்கியம். அழுத்தப்பட்ட காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாவது உண்டு. அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் அதிர்ச்சியையும் குழாய் தாங்க வேண்டும். அதனால் பெரிய டீசல் என்ஜின்களில் வார்த்த அலுமினியக் குழாய்களை அதிகம் காணலாம். மூட்டுகளில் மயிரிழை விரிசல் இருந்தாலும், கஷ்டப்பட்டு அழுத்திய காற்று வெளியே போய்விடும். டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயில் விரிசல் விட்டால் ஆபத்து இன்னும் அதிகம். வடிகட்டாத தூசி உள்ளே புகுந்து, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

பாலைவனமும் பனிமலையும்

ஆவடியில் பிறந்த டாங்கி ஆவடியிலா ஓடப்போகிறது? ராஜஸ்தான் பாலைவனத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அங்கே புழுதிக்கும் பஞ்சமில்லை. லடாக்கில் வேறு விதமான சோதனை. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மனிதனுக்கே மூச்சு வாங்கும் இடம் அது.

டாங்கிகளுக்காக நம் நாட்டிலேயே உருவான 1,500 குதிரைசக்தி என்ஜின் 2024-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி மைசூரில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது. 5,000 மீட்டர் உயரத்திலும், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும், 55 டிகிரி வெப்பத்திலும் அது வேலை செய்ய வேண்டும் என்பது திட்டம்.

சுமார் 41 டன் எடையுள்ள டி-72 டாங்கிக்கு 780 குதிரைசக்தி என்றால் டன்னுக்கு 19 குதிரை. 1,000 ஆனால் டன்னுக்கு 24 குதிரை. மணல்மேட்டில் ஏறும்போது அந்த வித்தியாசம் தெரியும். யுத்தகளத்தில் நின்றுபோன டாங்கி எதிரிக்கு எளிதான குறி. உள்ளே இருப்பவர்கள் மூன்று வீரர்கள். ஆபத்தான இடத்திலிருந்து அவர்கள் சட்டென்று விலக வேண்டுமானால், 12 சிலிண்டரும் ஒன்றுபோல் மூச்சு விட வேண்டும்.