இரு நாட்டு வாணிப உடன்படிக்கையும் நமது உழவர்களும்

வாரச்சந்தை நடத்தும் பஞ்சாயத்துக்களுக்குச் சுங்கம் என்பது புதிய சொல் அன்று. சந்தைக்கு வரும் சரக்கிற்குச் சுங்கம் வாங்குவது போலவே, அயல்நாட்டுச் சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது அரசாங்கம் சுங்கவரி விதிக்கிறது. இரு நாடுகள் தமக்குள் அவ்வரியை நீக்கவோ குறைக்கவோ இசைந்து எழுதிக்கொள்வதே தடையற்ற வாணிப உடன்படிக்கை.

நெல் விளையும் ஊரும் மிளகாய் விளையும் ஊரும் தம் விளைபொருளை மாற்றிக்கொள்வது எளிது. ஒன்றன் மிகுதி மற்றொன்றன் குறையை நிரப்புகிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் பெரிதும் இத்தகைய நாடுகளே. அங்கே நிலம் மிகுதி, மக்கள் குறைவு. நிலக்கரியும் கம்பளியும் பருத்தியும் ஏற்றுமதிக்கு உள்ளன. நம்மிடம் உழைக்கும் கைகளும் ஆலைகளும் மிகுதி. ஆடைகள், தோற்பொருள்கள், மருந்துகள் ஆகியவற்றை நாம் அனுப்புகிறோம்.

அவ்வாறாயின் உடன்படிக்கை விரைவில் முடிந்திருக்க வேண்டுமன்றோ? முடியவில்லை. 2011 மே மாதத்தில் தொடங்கிய பேச்சு ஒன்பது சுற்றுகளுக்குப்பின் தடைப்பட்டது. 2021 செப்டம்பரில் புத்துயிர் பெற்றது. 2022 ஏப்ரல் 2 அன்று கையொப்பமாகி, அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது.

தாமதத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்று வேளாண்மை. ஆலையும் நிலக்கரியும் ஒன்றுக்கொன்று துணை. பாலும் பாலும் போட்டி. அங்கே பெரும் பண்ணைகளில் மாடு வளர்த்து, பாற்பொருளை ஏற்றுமதி செய்கின்றனர். இங்கோ ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்து, காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் குடும்பங்களே மிகுதி. மலிவான வெளிநாட்டுப் பால்மாவு குவிந்தால் இவர்களது பாலின் விலை சரியும்.

ஆகவே, பேச்சில் பண்டங்கள் பலவகையாகப் பிரிக்கப்பட்டன. நிலக்கரி, கம்பளி போன்றவற்றின் வரி உடனே நீக்கப்பட்டது. சிலவற்றிற்கு அளவு வரையறுத்துச் சலுகை தரப்பட்டது: மிக நீண்ட இழைப் பருத்தி ஆண்டுக்கு 51,000 டன் வரை வரியின்றி வரலாம், மைசூர்ப் பருப்பு 1,50,000 டன் வரை பாதி வரியில் வரலாம். பால், நெல்லரிசி, கோதுமை, சர்க்கரை, கொண்டைக்கடலை முதலியவை சலுகையினின்றும் அறவே விலக்கப்பட்டன.

பருத்தியின் அளவு வரையறையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நயமான நூல் நூற்கும் நமது ஆலைகளுக்கு அவ்வகைப் பருத்தி போதிய அளவில் உள்நாட்டில் கிட்டுவதில்லை. ஆலையின் தேவையும் நிறைவேற வேண்டும், பருத்தி உழவரும் நலிவுறலாகாது, இதற்காகவே அவ்வரம்பு. மறுபுறம், நம் ஆடைகள் மீது ஆஸ்திரேலியா விதித்துவந்த 5 சதவீத வரி நீங்கியது. திருப்பூர் போன்ற இடங்களுக்கு இஃது ஆதாயமே. எனினும், சரக்கு இந்நாட்டில்தான் உற்பத்தியானது என்பதற்குரிய சான்றிதழ் இன்றி அச்சலுகை கிட்டாது.

இவ்வுடன்படிக்கை முதற்படியே, இதனினும் விரிவான உடன்படிக்கைக்குப் பேச்சு பின்னர்த் தொடங்கிற்று. கேட்டதையெல்லாம் பெறுவது பேச்சுவார்த்தை ஆகாது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று முன்னரே தெளிவதே அதன் உயிர். அத்தெளிவு தலைநகரில் மட்டும் பிறப்பதன்று. நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் பாலை நம்பி வாழ்கின்றன, எவ்வளவு நிலத்தில் பருத்தி விளைகிறது என்பவற்றைப் பஞ்சாயத்துக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கணக்கிட்டு, தக்க காலத்தில் அரசாங்கத்திற்குத் தெரிவிப்பார்களாக. கையொப்பம் ஆனபின் வருந்துவதினும், முன்னரே எடுத்துரைப்பது நன்று.